நான் அழித்த மூன்று பென்சில் குறிகள்

அன்புள்ள அருள்,

செலினுடைய கர்ப்பம் மூன்றாவது முறையும் கலைந்ததற்கு அவள் ஸ்கூட்டர் ஓட்டியதுதான் காரணம் என்று நான் சொன்னதாக மாதா கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வெளியே வரும்போது என் காதிலேயே விழுந்தது. விசாரித்தால் வழக்கம்போல உன் லில்லி அத்தையிடம் போய் முடிகிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்லாத ஒரு வாக்கியத்தை என் பெயரில் எழுதுவதை நான் பள்ளி நாளிலிருந்தே பொறுத்துக்கொண்டதில்லை. ஆனால், அருள், நான் வேறொன்று சொன்னேன். டாக்டரின் அறையில், மருமகள் செலினைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பொய் சொன்னேன். ஸ்கூட்டர் பேச்சைவிட அது மோசமானது. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நீ இன்றுவரை இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருக்கிறாய். போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். "அம்மா, ஷிஃப்ட்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் உன் அத்தை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஊருக்கு வர நஞ்சன்கூடு பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் பிரித்துப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். வதந்தி எந்த வழியாகப் போனதோ, உண்மையும் அந்த வழியாகவே போகட்டும்.

சென்ற ஆண்டு இரண்டாவது முறை கலைந்தபிறகு நாம் மூவரும் அந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோமே, அன்று நடந்தது. நீ காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாய். டாக்டரம்மா செலினின் வீட்டைப் பற்றிக் கேட்டார். அவளுடைய அம்மாவுக்கு, அக்காவுக்கு, ராமாபுரத்தில் இருக்கும் சித்திக்கு எல்லாம் எத்தனை பிள்ளைகள், எதுவும் தங்காமல் போனதுண்டா என்று. அவள் விரல் விட்டு எண்ணி ஒளிக்காமல் சொன்னாள். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க பக்கம் எப்படிம்மா? உங்களுக்கோ உங்க நாத்தனாருக்கோ அபார்ஷன் ஏதாவது ஆகியிருக்கா?" நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இல்லை டாக்டர். எங்க குடும்பத்துல அப்படி எதுவும் கிடையாது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். செலின் தலையைக் குனிந்துகொண்டாள். நீ உள்ளே வந்து உட்கார்ந்தாய். கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது, நீ என் முகத்தைத்தான் பார்த்தாய். பிறகு, "எங்க வீட்ல யாருக்கும் இல்லையே டாக்டர், அவளுக்கு மட்டும் பாருங்க" என்றாய். என் பொய்யைக் கேட்காமலேயே அதைத் திரும்பச் சொன்னாய். அவ்வளவு நன்றாக உன்னை வளர்த்திருக்கிறேன்.

உண்மை இதுதான். உனக்கு முன்னால் எனக்கு மூன்று கலைந்தன. மூன்றும் மூன்றாம் மாதம் முடிவதற்குள். நீ எனக்கு நான்காவது.

உனக்கு இது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான். கல்யாணமான முதல் ஆறு ஆண்டுகள் எப்படி இருந்தன என்று நீ கேட்டபோதெல்லாம், உன் அப்பாவுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, அதனால் தள்ளிப்போட்டோம் என்று சொல்லியிருக்கிறேன். முதலாவது போனபோது நான் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். நாள் முழுவதும் டைப் அடிக்கும் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் உன் லில்லி அத்தை பழரசம் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, நாள் பூரா அந்த மெஷின் டக்கு டக்குன்னு வயித்துல இடிக்குதில்ல? அப்புறம் எப்படி நிக்கும்?" என்றாள். (லில்லி, இந்த இடத்தில் மடித்து வைத்துவிடாதே. மேலே படி.) நான் அதை நம்பினேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த நான், ஒரு டைப்ரைட்டர் என் பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று நம்பினேன். இரண்டாவது முறை, மேஜைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு டைப் அடித்தேன். ஆபீசில் எல்லாரும் பார்த்தார்கள். அதுவும் போயிற்று. மூன்றாவது முறை சம்பளமில்லாத விடுப்புப் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, ஐந்து வாரம் அசையாமல் படுத்திருந்தேன். மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் எண்ணி எண்ணி எனக்குச் சலித்துவிட்டது. அதுவும் போயிற்று. நான்காவது முறை எனக்கு எதன் மீதும் நம்பிக்கை இல்லை. தலையணையும் வைக்கவில்லை, செங்கல்லும் வைக்கவில்லை. எட்டாம் மாதம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் அதே மெஷினில் அடித்தேன். நீ மூன்று கிலோவுக்கு மேல் எடையோடு, கத்திக்கொண்டு பிறந்தாய். அந்த டைப்ரைட்டர் குற்றமற்றது என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. ஆனால் அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், அதற்கு முன்னால் மூன்று இருந்தன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி எழுதப்போவது எனக்கு இன்னும் கடினமானது. நம் வீட்டுப் பெரிய பைபிளின் முன்பக்கத் தாளில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு எல்லாவற்றையும் நான்தான் எழுதி வருகிறேன். கான்வென்டில் மதர் சுப்பீரியர் பழக்கிய கையெழுத்து. எங்கள் திருமணத்துக்கும் உன் பிறப்புக்கும் நடுவில் உன் அப்பா மூன்று சின்னக் குறிகள் போட்டிருந்தார். சிலுவைகூட இல்லை, பென்சிலால் மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு அரிசி நீளம். ஞானஸ்நானம் இல்லாததற்குப் பெயர் எழுத முடியாது, அதனால் கோடு. அவர் எப்போது போட்டார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்டுச் செய்யவில்லை. நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் அவை அங்கேயே இருந்தன. செலின் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றபோது, அவளுடைய அப்பா பைபிளை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியது. ராமாபுரத்தில் அவர்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. காலையிலேயே ஒரு நல்ல ரப்பரை எடுத்து, தாள் கசங்காமல், எழுத்து கலையாமல் மூன்றையும் அழித்தேன். தூளை ஊதிவிட்டேன். அவ்வளவு சுத்தமாக அழித்தேன் என்று அன்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அவர்கள் புறப்பட்டுப் போன பிறகு உன் அப்பா பைபிளைத் திறந்தார். வெகுநேரம் தாளைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க போச்சு?" என்றார். "பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? நம்ம வீட்ல ஏதோ குறைன்னு நினைக்க மாட்டாங்களா?" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குறையா? அதுங்களையா சொல்ற?" என்றார். அவ்வளவுதான். அதற்குப்பிறகு இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்தப் பக்கத்தை அவர் மறுபடி திறந்து நான் பார்க்கவில்லை.

பொய் சொன்னவள் அந்தப் பொய்யோடு எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் இருந்திருப்பேன். ஆனால் இந்த மூன்றாவது முறை செலினை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது, அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். "படுத்துக்கோ" என்றேன். "அத்தை, வண்டிய வித்துப்போடச் சொல்லிட்டனுங்க. இனிமே ஓட்ட மாட்டனுங்க" என்றாள். நான் எதுவும் கேட்கவே இல்லை; அவளாகச் சொன்னாள். பப்பாளியை நிறுத்தியதையும், எள்ளை நிறுத்தியதையும், தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்பை வேண்டாமென்று எழுதிக்கொடுத்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஏதோ நான் அவளுடைய பரீட்சைத் தாளைத் திருத்த வந்தவள்போல. வெளியே வந்தேன். அந்த டாக்டரம்மா நடைபாதையில் எதிரே வந்தார். "மகன் இன்னும் பிளட் குடுக்கலையேம்மா, கொஞ்சம் சொல்லுங்க. மருமகளுக்கு எடுத்த டெஸ்ட்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் நார்மல்" என்றார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு ஆட்டோ ஏறினேன். பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

அவருடைய அறையில் உட்கார்ந்து மூன்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அய்யோ அம்மா, இதை அப்பவே ஹேளபார்தா?" என்று, அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று, கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகக் கேட்டார். பிறகு மேஜையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு நீலப் பேனாவையும் எடுத்து, மூடிகளை மாற்றிப் போட்டுக் காட்டினார். "இப்படி வெச்சுக்குங்க. சிலருக்குக் குரோமோசோம்ல ரெண்டு துண்டு இடம் மாறியிருக்கும். எதுவும் கொறையல, எதுவும் கூடல, அதனால அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா எல்லாமே நம்மகிட்ட ஜோடி ஜோடியா இருக்கு, ஜோடியில ஒண்ணுதான் குழந்தைக்குப் போகும். மூடி மாறின சிவப்பும், மாறாத நீலமும் சேர்ந்து போச்சுன்னா, நீல மூடி ரெண்டு ஆயிடுது, சிவப்பு மூடியே இல்ல. பெரும்பாலும் அந்தக் கரு நிக்காது. எல்லாம் சரியாப் போச்சுன்னா நிக்கும், நல்லாப் பொறக்கும்." நான் கேட்டேன்: "இது தாயிடமிருந்து மகனுக்கு வருமா?" "வரலாம்மா, பாதிக்குப் பாதி. வராமலும் இருக்கலாம்." முதலில் நீதான் கொடுக்க வேண்டும், எனக்கு அவசியமில்லை என்று சொன்னார். நான் அங்கேயே என் கையை நீட்டினேன். இந்த வயதில் என் நரம்பு எளிதில் கிடைப்பதில்லை. அந்த நர்ஸ் பெண் மூன்று இடத்தில் குத்தினாள்.

என் முடிவு வந்துவிட்டது. எனக்கு இருக்கிறது. அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

இதை வைத்து நீ எதையும் முடிவு கட்டிவிடாதே. எனக்கு இருப்பதால் உனக்கும் இருக்கிறது என்று ஆகாது. உனக்கு இருந்தாலும் எல்லாம் முடிந்துபோயிற்று என்று ஆகாது. அதற்கென்றே இருக்கும் மரபணு மருத்துவரிடம் அனுப்புவார்கள், உங்களுக்கு என்னென்ன வழிகள் என்று அவர் சொல்வார். என்னிடமிருந்து நீ பிறந்தாய் அல்லவா. உனக்கு இல்லையென்றால், வேறு காரணங்களைத் தேடிப் பார்ப்பார்கள். இரத்தம் உறையும் தன்மை, கர்ப்பப்பையின் அமைப்பு, தைராய்டு, சர்க்கரை என்று. எல்லாம் பார்த்தபிறகும் காரணமே தெரியாமல் போவதும் உண்டாம். நான் சென்ற ஆண்டே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மூன்றாவது தங்கியிருக்குமா என்றும் கேட்டேன். பரிசோதனை செய்வதால் மட்டும் எதுவும் நின்றிருக்காது என்றார் டாக்டரம்மா. அவர் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் செலின் அந்த ஒரு வருடத்தை ஒரு குற்றவாளிபோலக் கழித்திருக்க மாட்டாள். அதை நான்தான் அவளிடமிருந்து எடுத்தேன்.

டாக்டரம்மாவிடம் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சுருக்கெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கை இன்னும் மறக்கவில்லை. ஆரம்ப மாதங்களில் கலைவதில் பெரும்பாலானவை, கரு உருவாகும்போதே தற்செயலாக நேர்ந்துவிடும் பிழையால்தான். யாரும் செய்ததாலோ செய்யாததாலோ அல்ல. ஸ்கூட்டர் ஓட்டியதாலோ, மாடி ஏறியதாலோ, வேலைக்குப் போனதாலோ, கணவனோடு சேர்ந்து இருந்ததாலோ, அழுததாலோ கலைவதில்லை. அசையாமல் படுத்திருப்பதால் தங்குவதும் இல்லை. என் செங்கற்களை நினைத்துக்கொண்டேன். நம் கையில் இருப்பவை கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் செய்யாமல் விடுவது தவறு. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். தைராய்டும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முன்கூட்டியே கட்டுக்குள் வந்திருக்க வேண்டும். தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் முன்னதாகவே போட்டு முடிக்க வேண்டும். காபி நம் வீட்டில் ஓடுவதுபோல ஓடக்கூடாது; காலையில் ஒரு சின்ன டம்ளர், மாலையில் ஒன்று, அதோடு சரி. தலைவலிக்குக்கூட டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் கூடாது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் என்று லில்லி காய்ச்சிக் கொடுக்கும் கஷாயம் நிச்சயமாகக் கூடாது. (ஆமாம் லில்லி, அதைத்தான் சொல்கிறேன்.) இரத்தம் பட்டாலோ, வயிறு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஞாயிறு பூசை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மது அறவே கூடாது. சிகரெட்டும் அப்படியே, அது செலினுக்கு அல்ல, உனக்கு. பால்கனியில் நின்று பிடித்தாலும் புகை வீட்டுக்குள் வருகிறது. உன் அப்பா பிடித்ததில்லை, நீ எங்கே கற்றாய் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. விட்டுவிடு.

போன செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் நஞ்சன்கூட்டுக்கு வந்தேன். செலின் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காராமல் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன், உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று. அவள் கையில் இருந்த கீரைத்தண்டு அப்படியே இருந்தது.

"மூணுங்களா அத்தை?"

"மூணு."

"உங்களையும் வண்டின்னாங்களா?"

"இல்ல. டைப்ரைட்டர்."

அவள் சிரித்துவிட்டாள். உண்மையாகவே சிரித்தாள், அருள், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ திரும்பி அழுகையாகிவிட்டது. அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. தேற்றும் வித்தை எனக்குக் கற்பிக்கப்படவில்லை. கீரையை எடுத்து நான் ஆய்ந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் புறப்படும்போது வாசல்வரை வந்தாள். "அவருகிட்ட நாஞ் சொல்ல மாட்டனுங்க அத்தை. நாஞ் சொன்னா என்ன காப்பாத்திக்கறதுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். நீங்களே சொல்லிப்போடுங்க" என்றாள். அவளுடைய பேச்சை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அன்று திருத்துவதற்கு அதில் எதுவும் இல்லை.

மூன்றாவது கலைந்த மறுநாளே நீ வேலைக்குப் போய்விட்டாய், உனக்கு மனது கல் என்று கோயிலில் அதையும் சொல்கிறார்கள். அது என் மனதைப் பற்றிய பேச்சாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். உன்னைப் பற்றியது சரியல்ல. விற்ற ஸ்கூட்டரை எடுத்துப்போக ஆள் வருவதற்கு முன்னால் நீ ஒரு மணி நேரம் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்ததாகச் செலின் சொன்னாள். விற்றாகிவிட்ட வண்டியை யாராவது அப்படித் துடைப்பார்களா? உன் அப்பாவும் ஒரு வார்த்தை பேசாமல்தான் பென்சிலை எடுத்தார். நீ அவரைப்போல இருப்பது நல்லது. பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது அவர் அல்ல, அது நான். குடும்பத்தில் குறை இல்லை என்று நிமிர்ந்து உட்கார்வதை என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய். அதை இப்போது திருப்பிக் கொடுத்துவிடு.

நேற்று பைபிளை எடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அவர் அழுத்திய தடம் மூன்றும் இன்னும் தாளில் இருக்கிறது. அதன் மேலேயே மையால் எழுதினேன், இனி ரப்பருக்கு வேலை இல்லை. உங்களுடைய மூன்றை நான் குறிக்கவில்லை. அது என் கையால் செய்ய வேண்டியது அல்ல. நீங்கள் எப்போது வந்தாலும் பைபிள் மேஜையில் இருக்கும், பக்கத்தில் பேனாவும் இருக்கும்.

இந்தக் கடிதத்துக்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். போனில் வேண்டாம், அத்தையிடம் சொல்லியனுப்பவும் வேண்டாம். தமிழில் வரவில்லையென்றால் கன்னடத்தில் எழுது. எந்த நாளில் இரத்தம் கொடுக்கப் போகிறாய் என்று ஒரே ஒரு வரி எழுதி, உன் கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

உன் அம்மா